ஒரு சவுண்ட் கார்டு, இரண்டு ஸ்பீக்கர் செட்

கம்ப்யூட்டருக்குப் பின்னால் பச்சை நிறத்தில் ஒரு சின்ன ஜாக் இருக்கும். அதில் ஸ்பீக்கர் ஒயரைச் செருகினால் பாட்டு கேட்கும். இது எல்லோருக்கும் தெரிந்த சமாச்சாரம். ஆனால் மேஜை மேல் இருக்கிற குட்டி ஸ்பீக்கரும் வேண்டும், ஹாலில் இருக்கிற பெரிய ஆம்ப்ளிஃபயரும் வேண்டும், இரண்டுக்கும் ஒரே கம்ப்யூட்டரிலிருந்து ஒலி போக வேண்டும் என்று யாராவது கேட்டால்? கேட்க எளிதான கேள்விதான். ஆனால் ஐ.பி.எம். பி.சி. வந்த 1981-ல் ஆரம்பித்து, எந்தப் பாட்டு எந்த ஸ்பீக்கருக்குப் போக வேண்டும் என்று விண்டோஸே கேட்டுக்கொள்ளும் நிலை வர 2018 ஆகிவிட்டது. 37 வருடம்! இடையில் கனடாவில் ஒரு கம்பெனி திவால் ஆனது, அமெரிக்காவில் ஒன்று கேஸில் ஜெயித்தும் செத்துப்போனது, சிங்கப்பூரில் ஒரு ரிப்பேர் கடைக்காரர் கோடீஸ்வரர் ஆனார். அந்த இரண்டாவது ஸ்பீக்கரின் கதைதான் இது.

முதலில் ஐ.பி.எம். 1981 ஆகஸ்ட் 12-ஆம் தேதி வெளிவந்த அந்த பி.சி.க்குள் ஒரே ஒரு ஸ்பீக்கர்தான். இரண்டேகால் அங்குலம் விட்டம். அதை இயக்கியது ஒரு டைமர் சிப். ஸ்பீக்கருக்குத் தெரிந்தது இரண்டே நிலைதான்: உள்ளே, அல்லது வெளியே. நடுவில் எதுவும் கிடையாது. இப்படி வேகமாக ஆட்டினால் வருவது இசையா? பீப் சத்தம்தான் வரும். வெளியே ஒயர் இழுக்க ஜாக்கும் இல்லை. ஐ.பி.எம்.மைக் குறை சொல்லவும் முடியாது. அவர்கள் விற்றது ஆபீஸ் மெஷின். கணக்கு எழுதுகிறவருக்குத் தப்பான பட்டனை அழுத்தினால் ஒரு பீப் போதும், சிம்ஃபொனி எதற்கு? 1984-ல் வந்த ஆப்பிள் மெக்கின்டோஷும், 1985-ல் வந்த அமிகாவும் பிறக்கும்போதே நல்ல ஒலியோடு பிறந்தன. பி.சி. மட்டும் ஊமையாகவே விற்றுத் தள்ளியது. ஊமை மெஷின் கோடிக்கணக்கான வீடுகளுக்குள் போனதால்தான் அதற்குத் தொண்டை விற்கிற வியாபாரம் என்று ஒன்றே உருவானது.

அந்த வியாபாரத்தை முதலில் பிடித்தவர் ஒரு வாத்தியார். கனடாவின் க்யூபெக் நகரில் லாவல் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியராக இருந்த மார்ட்டின் பிரெவெல், 1987-ல் ஆட்லிப் என்ற கார்டை விற்க ஆரம்பித்தார். கார்டின் உயிர் யமஹாவின் ஒய்.எம்.3812 என்கிற சிப். ஒரு ஒலி அலையை இன்னொரு அலையால் ஆட்டிப் புதுப்புது ஒலிகளை உண்டாக்கலாம் என்று ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் 1967-ல் கண்டுபிடித்திருந்தார். அந்த உரிமையை வாங்கிய யமஹா 1983-ல் டி.எக்ஸ்.7 கீபோர்டாக விற்றுப் பெயர் வாங்கியது. அதே வித்தையின் மலிவுப் பதிப்புதான் இந்தச் சிப். ஒரே நேரத்தில் ஒன்பது ஸ்வரங்கள். பீப் மட்டுமே கேட்ட காதுக்கு அது தேவகானம். 1988-ல் சியரா கம்பெனி 'கிங்ஸ் க்வெஸ்ட் 4' விளையாட்டுக்குச் சரியான பின்னணி இசை போட்டு ஆட்லிப்பில் கேட்க வைத்ததும் கார்டு பிரபலமாகிவிட்டது.

ஆரம்பகால ஆட்லிப்பில் இருந்தது இப்போது நாம் பார்க்கிற 3.5 மில்லிமீட்டர் ஜாக் இல்லை. கால் அங்குல ஜாக். எலெக்ட்ரிக் கிடாருக்குச் செருகுகிற அதே தடியன்! அந்த ஜாக் 19-ஆம் நூற்றாண்டின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர்கள் பிடுங்கிச் செருகுவதற்காக வந்தது. டெலிபோனில் பேசுவது ஒருவர், கேட்பது ஒருவர். அதனால் ஒரு ஓட்டைக்கு ஒரு ஒயர். அந்தப் பழக்கம் ரேடியோவுக்கு வந்து, வாக்மேனுக்கு வந்து, கம்ப்யூட்டருக்கும் வந்து சேர்ந்தது. கம்ப்யூட்டரின் முன்னால் உட்காருகிறவர் ஒருவர், அவருக்கு ஒரு செட் ஸ்பீக்கர். இரண்டாவது செட்டைப் பற்றி யாரும் யோசிக்கவே இல்லை.

இனி சிங்கப்பூர். சிம் வோங் ஹூ 1955-ல் பிறந்தவர். சின்ன வயதில் மவுத் ஆர்கன் வாசிப்பதில் பைத்தியம். பாலிடெக்னிக் படிப்புதான், பெரிய பட்டம் எதுவும் கிடையாது. 1981 ஜூலை 1-ஆம் தேதி, நண்பர் இங் காய் வாவோடு சேர்ந்து சைனாடவுனில் பேர்ல்ஸ் சென்டர் கட்டடத்தில் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை திறந்தார். பெயர் க்ரியேட்டிவ் டெக்னாலஜி. தேதியைக் கவனியுங்கள். ஐ.பி.எம். பி.சி. வருவதற்குச் சரியாக ஆறு வாரம் முன்பு! சீன மொழியும் பாட்டும் பேச்சும் தெரிந்த கம்ப்யூட்டர் ஒன்றை 1986-ல் செய்து பார்த்தார். விற்கவில்லை. ஆனால் அதன் ஒலிப் பகுதியை மட்டும் பிடுங்கி ஒரு கார்டாக விற்கலாமே என்று தோன்றியது. அது 1988-ல் கேம் ப்ளாஸ்டர் என்ற பெயரில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. ஸ்டீரியோ, 12 குரல்கள். ஆட்லிப்பைவிட எண்ணிக்கையில் அதிகம். இருந்தும் பெரிதாகப் போகவில்லை. காரணம், விளையாட்டுகள் எல்லாம் ஆட்லிப்புக்காக எழுதப்பட்டிருந்தன.

இங்கேதான் சிம் கில்லாடி. எதிரியை ஜெயிக்க முடியவில்லையா, எதிரியையே உள்ளே வைத்துக்கொள்! ஆட்லிப்பில் இருந்த யமஹா சிப் கடையில் காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும். 1989 கடைசியில் வந்த சவுண்ட் ப்ளாஸ்டரில் அதே சிப்பை வைத்தார். கூடவே, பதிவு செய்த குரலையும் துப்பாக்கிச் சத்தத்தையும் அப்படியே ஒலிக்கிற டிஜிட்டல் பகுதி. போனஸாக ஜாய்ஸ்டிக் செருக ஒரு போர்ட். அதுவரை ஜாய்ஸ்டிக்குக்குத் தனியாக ஒரு கார்டு வாங்க வேண்டியிருந்தது. ஆட்லிப் செய்வதையெல்லாம் இது செய்யும், இது செய்வதில் பாதியை ஆட்லிப் செய்யாது. அப்புறம் யார் ஆட்லிப் வாங்குவார்கள்? 1992-ல் ஆட்லிப் திவால். அதே வருடம் க்ரியேட்டிவ், அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் இடம்பிடித்த முதல் சிங்கப்பூர் கம்பெனி ஆனது. 16 பிட் தரத்தில் சி.டி. அளவுக்கு ஒலி தருகிற சவுண்ட் ப்ளாஸ்டர் 16 வந்ததும் அந்த வருடம்தான். 1995 நிதியாண்டில் விற்பனை 100 கோடி டாலரைத் தாண்டியது.

இது காப்பியா, சாமர்த்தியமா என்று இன்றைக்கும் சண்டை போடலாம். சாமர்த்தியம் என்றுதான் சொல்ல வேண்டும். பிரெவெல் விற்றது ஒரு இசைக் கருவி. சிம் விற்றது ஒரு ஒப்பந்தம்: 'எந்த விளையாட்டு வாங்கினாலும் இதில் சத்தம் வரும்' என்கிற ஒப்பந்தம். வாங்குகிறவருக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

ஆனால் அந்த ஒப்பந்தமே இரண்டாவது ஸ்பீக்கருக்கு எமனாக வந்தது. டாஸ் காலத்து விளையாட்டு நேரடியாகக் கார்டோடு பேசும். கார்டு எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரிய வேண்டும். அதற்காக, கம்ப்யூட்டர் துவங்கும்போதே 'ஏ220 ஐ5 டி1' என்று ஒரு வரி எழுதி வைப்பார்கள். 220 என்பது கார்டின் விலாசம், 5 என்பது கார்டு ப்ராசஸரைக் கூப்பிடுகிற மணியின் எண், 1 என்பது டேட்டா போகிற பாதை. எல்லோரும் சவுண்ட் ப்ளாஸ்டர் மாதிரியே நடித்ததால் எல்லோருக்கும் அதே விலாசம். இரண்டாவதாக ஒரு கார்டைச் செருகினால் ஒரே வீட்டு எண்ணில் இரண்டு குடித்தனம். தபால்காரர் என்ன செய்வார்? ஜம்பரை மாற்றி மாற்றி இரண்டாவது கார்டை வேறு விலாசத்தில் உட்கார வைத்தாலும், விளையாட்டு ஒரே கார்டோடுதான் பேசும். இன்னொன்று சும்மா உட்கார்ந்திருக்கும்.

ஆகவே இரண்டு செட் ஸ்பீக்கர் வேண்டும் என்றவர்களுக்கு அந்தக் காலத்தில் இருந்த ஒரே வழி 'ஒய்' கேபிள். ஒரு பக்கம் ஒரு பின், மறுபக்கம் இரண்டு சாக்கெட். பார்க்க மலிவான வேலை, ஆனால் பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்யும். கார்டின் லைன் அவுட்டிலிருந்து வருவது வெறும் சிக்னல், சக்தி இல்லை. ஆம்ப்ளிஃபயரின் உள்வழித் தடை பொதுவாக 10,000 ஓம் அளவில் இருக்கும். இரண்டை இணைத்தால் 5,000 ஓம். கார்டுக்கு அது ஒரு சுமையே இல்லை.

சிக்கல் எங்கே வரும் என்றால், பழைய சவுண்ட் ப்ளாஸ்டர்களில் கார்டுக்குள்ளேயே 4 வாட் ஆம்ப்ளிஃபயர் இருந்தது. மின்சாரம் தேவைப்படாத சாதா ஸ்பீக்கரையே நேராகச் செருகலாம். இந்த ஜாக்கில் ஒய் கேபிள் போட்டு 4 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டை மாட்டினால் மொத்தத் தடை 2 ஓம் ஆகிவிடும். கார்டு எதிர்பார்த்ததைப் போல் இரண்டு மடங்கு மின்னோட்டம். ஒலி கரகரக்கும், சிப் சுடும், அதற்கு மேல் கார்டின் தலையெழுத்து. இதே கேபிள், ஒரு ஜாக்கில் சாது, இன்னொரு ஜாக்கில் வில்லன். இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரு ஆம்ப்ளிஃபயர் இந்த அறை பிளக்கிலும், மற்றது அடுத்த அறை பிளக்கிலும் இருந்தால் இரண்டின் எர்த்தும் ஆடியோ ஒயர் வழியாக ஒரு வளையமாகச் சேர்ந்துகொண்டு 'ம்ம்ம்' என்று ரீங்காரம் போடும். பாட்டை நிறுத்தினாலும் அது நிற்காது.

ஒய் கேபிளால் ஒரு காரியம் மட்டும் முடியவே முடியாது. இரண்டு ஸ்பீக்கருக்கும் வேறு வேறு ஒலி அனுப்புவது. அதற்கு இரண்டாவது ஜாக் வேண்டும். அது வந்தது 1998-ல், வேறு ஏதோ காரணத்துக்காக.

அந்த வருடம் ஆகஸ்டில் க்ரியேட்டிவ் வெளியிட்டது சவுண்ட் ப்ளாஸ்டர் லைவ். இ.எம்.யூ.10கே1 என்ற சிப்பில் 20 லட்சத்துக்கும் அதிகமான டிரான்சிஸ்டர்கள். கார்டின் பின்பக்கம் ஒன்றுக்கு இரண்டாக அவுட்புட் ஜாக்குகள். ஒன்று முன் ஸ்பீக்கர், ஒன்று பின் ஸ்பீக்கர். யாருக்காக? ஹாலில் பாட்டுக் கேட்கிறவருக்காக இல்லை, சுடுகிற விளையாட்டு ஆடுகிறவருக்காக. அந்த வருடம் நவம்பரில் 'ஹாஃப் லைஃப்' வந்தது. முதுகுக்குப் பின்னால் எதிரி நடந்து வந்தால் பின்னாலிருந்தே காலடிச் சத்தம் கேட்க வேண்டும் என்று ஆட்டக்காரர்கள் ஆசைப்பட்டார்கள். அந்த ஆசைக்குக் காசு கொடுக்கவும் தயாராக இருந்தார்கள். ஒரு கார்டு, நான்கு ஸ்பீக்கர், நடுவில் நாற்காலி.

ஆனால் ஜனங்களுக்கு ஒரு ஓட்டை கொடுத்தால் அதை எதற்குப் பயன்படுத்துவார்கள் என்று கம்பெனியா தீர்மானிக்கும்? பாட்டுக்கு ஸ்டீரியோதானே, இரண்டு சேனல்தானே. நான்கு ஸ்பீக்கர் என்று செட்டிங்கில் தேர்ந்தெடுத்தால், பின்பக்க ஜாக்கிலும் பாட்டு வரும். பின் ஸ்பீக்கர் ஒயரை நாற்காலிக்குப் பின்னால் வைக்காமல் பக்கத்து அறைக்கு இழுத்துக்கொண்டு போனால்? இரண்டு செட் ஸ்பீக்கர் ரெடி! ஒய் கேபிள் இல்லை, தடைக் கணக்கு இல்லை. இந்தச் சிப்புக்கென்றே கே.எக்ஸ். என்ற பெயரில் ஆர்வலர்கள் தனியாக எழுதிய டிரைவரில், எந்த ஒலி எந்த ஜாக்குக்குப் போக வேண்டும் என்று படம் வரைந்து ஒயர் இழுக்கிற மாதிரி மாற்றிக்கொள்ளலாம்.

ஒரே கார்டில் இரண்டு ஜாக் இருப்பதில் வெளியே தெரியாத ஒரு பெரிய லாபம் உண்டு. ஒவ்வொரு சவுண்ட் கார்டுக்குள்ளும் ஒரு குவார்ட்ஸ் கடிகாரம் ஓடும். செகண்டுக்கு 48,000 மாதிரிகள் என்றால் அதை எண்ணுவது அதுதான். எந்த இரண்டு குவார்ட்ஸும் அச்சு அசலாக ஒரே வேகத்தில் ஓடாது. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அற்பம்தான். ஆனால் ஒரு மணி நேரம் பாடினால் 3,600 செகண்டில் அது 0.18 செகண்டாக வளர்ந்துவிடும். இரண்டு ஒலிக்கு நடுவே 40 மில்லி செகண்ட் தாண்டினாலே காது அதை எதிரொலியாகப் பிரித்துக் கேட்க ஆரம்பிக்கும். இந்தக் கணக்கில் பதிமூன்று நிமிடத்தில் அந்த எல்லை வந்துவிடும். தனித்தனி இரண்டு கார்டில் ஒரே பாட்டை விட்டவர்கள், இரண்டாவது மூன்றாவது பாட்டில் 'ஏதோ சரியில்லையே' என்று தலையைச் சொறிந்தது இதனால்தான். ஒரே கார்டின் இரண்டு ஜாக்குக்கும் கடிகாரம் ஒன்றே. ராத்திரி முழுக்கப் பாடினாலும் பிசகாது.

நாலு ஸ்பீக்கர் சந்தையில் க்ரியேட்டிவுக்குச் சரியான போட்டி ஆரியல் என்ற அமெரிக்கக் கம்பெனி. ஒலி எந்தச் சுவரில் பட்டு எப்படித் திரும்பும் என்று கணக்குப் போட்டே கேட்க வைத்தார்கள். பேடண்ட் மீறல் என்று 1998-ல் க்ரியேட்டிவ் கேஸ் போட்டது. 1999 டிசம்பரில் ஆரியல் ஜெயித்தது. ஆனால் வக்கீல் செலவில் கஜானா காலி. 2000-த்தில் திவாலான ஆரியலின் சொத்துக்களை 3.2 கோடி டாலருக்கு வாங்கியது யார்? சாட்சாத் க்ரியேட்டிவ்தான். கேஸில் தோற்றவன் ஜெயித்தவனின் வீட்டையே வாங்கிய கதை. சிம் மேல் எவ்வளவு மரியாதை இருந்தாலும் இந்த அத்தியாயம் உறுத்தத்தான் செய்கிறது. போட்டி போனபின் சவுண்ட் கார்டில் புதுமையும் மெதுவாகிவிட்டது.

ஆனால் உண்மையான எதிரி வேறு திசையிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1997-லேயே இன்டெல் 'ஏ.சி. 97' என்று ஒரு விதிமுறை வெளியிட்டிருந்தது. தனிக் கார்டே வேண்டாம், மதர்போர்டிலேயே ஒரு மலிவுச் சிப் போதும் என்பது அதன் சாரம். பச்சை ஸ்பீக்கருக்கு, ரோஸ் மைக்குக்கு, நீலம் லைன் இன்னுக்கு என்று வண்ணம் தீட்டியது இன்டெலும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து போட்ட பி.சி. 99 வழிகாட்டி. ஒலி இப்போது இலவசம்.

இலவசத்தில் இரண்டாவது ஸ்பீக்கர் கிடைத்ததா? அதுதான் இல்லை. கேபினெட்டின் முன்பக்கம் ஒரு ஹெட்போன் ஜாக் வைத்தார்கள். வைத்தவர்கள் அதை ஒரு வினோதமான விதத்தில் இணைத்தார்கள். ஒலி முதலில் முன்பக்க ஜாக்குக்குப் போய், அதற்குள் இருக்கிற ஒரு சின்ன ஸ்பிரிங் தகட்டைத் தொட்டுத் திரும்பி, அப்புறம்தான் பின்பக்கப் பச்சை ஜாக்குக்கு வரும். முன்னால் ஹெட்போனைச் செருகினால் தகடு விலகும், பின்னால் ஸ்பீக்கர் மௌனமாகிவிடும். சாஃப்ட்வேரில் எதைத் தட்டினாலும் வராது, ஏனென்றால் ஒயரே அறுபட்டிருக்கிறது. முன்பக்க ஜாக்கே இல்லாத கேபினெட்டில் அந்த இடத்தில் இரண்டு சின்ன ஜம்பர் போட்டிருக்க வேண்டும். யாராவது அதைக் கழற்றிவிட்டால் பச்சை ஜாக் செத்துப்போகும். சவுண்ட் போச்சு என்று புது ஸ்பீக்கர் வாங்கியவர்கள் எத்தனை பேரோ!

2004-ல் இன்டெலே இதைத் திருத்தியது. 'ஹை டெஃபனிஷன் ஆடியோ' என்ற புது விதிமுறையில் ஒவ்வொரு ஜாக்கிலும் எதாவது செருகியிருக்கிறதா என்று சிப்புக்கே தெரியும். முன்பக்கத்துக்கு ஒரு ஒலி, பின்பக்கத்துக்கு வேறு ஒலி என்று ஒரே நேரத்தில் இரண்டு தனி ஓடைகள் அனுப்பவும் வழி வைத்தார்கள். தைவானின் ரியல்டெக் செய்த மலிவுச் சிப்புகளில் இந்த வசதி வந்தது. ஒருவர் ஹெட்போனில் படம் பார்க்கலாம், இன்னொருவர் ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்கலாம். காசு கொடுத்து வாங்கிய லைவ் கார்டில் குறுக்குவழியில் வித்தை காட்டிப் பெற்றது, மதர்போர்டோடு சும்மா வந்தது.

அடுத்த அடி மைக்ரோசாஃப்ட் கொடுத்தது. 2007 ஜனவரியில் கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் ஒலி அமைப்பை அடியோடு மாற்றி எழுதினார்கள். ஒவ்வொரு ப்ரோகிராமுக்கும் தனி வால்யூம் கிடைத்தது. ஆனால் விளையாட்டுகள் சவுண்ட் கார்டின் சிப்பை நேரடியாகப் பயன்படுத்திய பழைய பாதை மூடப்பட்டது. க்ரியேட்டிவ் கார்டின் பெருமையே அந்தச் சிப்தான். அதே வருடம் க்ரியேட்டிவ் நாஸ்டாக்கிலிருந்து தானாக விலகியது.

அதற்கடுத்து நடந்ததுதான் இந்தக் கதையிலேயே வேடிக்கை. சிம் 1999-ல் ஒரு புத்தகம் எழுதியிருந்தார். அதில் 'நட்ஸ்' என்று ஒரு நோயைச் சொல்கிறார். 'யூ-டர்ன் கூடாது' என்கிற வியாதி. மற்ற ஊர்களில் யூ-டர்ன் கூடாது என்று போர்டு இருந்தால்தான் திரும்பக்கூடாது. சிங்கப்பூரில் திரும்பலாம் என்று போர்டு இருந்தால்தான் திரும்பலாம். அனுமதி எழுதியிராத எதையும் செய்யப் பயப்படுகிற மனநிலையில் எப்படிப் புதுமை வரும் என்பது அவர் கேள்வி. அருமையான கேள்வி. 2008 மார்ச்சில், விஸ்டாவில் சரியாக வேலை செய்யாத க்ரியேட்டிவ் டிரைவர்களை ஒரு பிரேசில்காரர் தானே திருத்தி மற்றவர்களுக்குக் கொடுத்தார். பழைய கார்டுகளில் கிடைக்காமல் போன வசதிகள் திரும்பி வந்தன. உடனே க்ரியேட்டிவ் அவரை நிறுத்தச் சொன்னது! வாடிக்கையாளர்கள் கொதித்து எழுந்த பிறகுதான் கம்பெனி இறங்கி வந்தது. நட்ஸ் எழுதியவரின் கம்பெனியே 'திரும்பலாம்' என்ற போர்டு இல்லாத இடத்தில் திரும்பியவரைப் பிடித்த போலீஸ்காரர் ஆகிவிட்டது.

சாஃப்ட்வேர் பக்கம் நிலைமை மெதுவாகத்தான் மாறியது. எக்ஸ்.பி. காலத்தில் கன்ட்ரோல் பேனலில் 'டீஃபால்ட்' என்று ஒரே ஒரு சாதனத்தைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். வின்ஆம்ப் மாதிரி சில ப்ரோகிராம்கள் மட்டும் 'எந்தக் கார்டு?' என்று தாங்களே கேட்கும். பாட்டு ஹாலுக்கு, விளையாட்டு மேஜைக்கு என்று பிரிக்க அதுவே உபாயம். லினக்ஸில் பல்ஸ்ஆடியோ இரண்டு கார்டுகளைச் சேர்த்து ஒன்றாகக் காட்டியது. கடிகாரப் பிசகைக்கூட ஒரு கார்டின் வேகத்தை நுணுக்கமாகக் கூட்டிக் குறைத்துச் சரி செய்தது. விண்டோஸில் எந்த ப்ரோகிராம் எந்த ஸ்பீக்கரில் ஒலிக்க வேண்டும் என்று செட்டிங்கிலேயே தேர்ந்தெடுக்கிற வசதி, விண்டோஸ் 10-க்கு 2018 ஏப்ரலில் வந்த அப்டேட்டில்தான் வந்தது.

சிம் வோங் ஹூ 2023 ஜனவரி 4-ஆம் தேதி, 67 வயதில் காலமானார். சவுண்ட் ப்ளாஸ்டர் என்ற பெயர் அவருக்குப் பிறகும் நிற்கவில்லை. கம்ப்யூட்டருக்குள் செருகும் கார்டாக மட்டுமில்லாமல், யு.எஸ்.பி. ஒயரில் தொங்குகிற சின்னப் பெட்டியாகவும் அது வருகிறது. அப்படிச் சில பெட்டிகளின் முன்னால் ஹெட்போன் ஜாக், பின்னால் ஸ்பீக்கர் ஜாக், மேலே ஒரு பட்டன் இருக்கும். பட்டனை அழுத்தினால் ஒலி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும். இரண்டிலும் ஒரே நேரத்தில் வேண்டும் என்றால், ஒய் கேபிள் இன்னும் கடைகளில் கிடைக்கிறது :-)